அப்பாவின் பாட்டும் அம்மாவின் மணிக்கூடும் ஒரு லைசன்சும்

விசிட்டிங் கார்ட் அடித்தவனுக்கு அன்றைக்கே ஏழரைச் சனி பிடித்துவிடுகிறது என்பது என்னுடைய அனுபவ முடிவு. கார்ட் இல்லாதவரை ஒரு விஷயம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். கார்ட் வந்த பிறகு அந்தச் சொல் வாயில் வராது. என் கார்டில் பெயருக்குக் கீழே "ஒலிப் பொறியியலாளர், இசைத் தயாரிப்பாளர்" என்று தங்க எழுத்தில் இருந்தது. அதுவரை நான் தயாரித்திருந்த இசையோ, ஒரு சைக்கிள் கடைக்காக ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஒலிபரப்பிய விளம்பரம் மட்டும்தான். (அதிலும் சைக்கிள் மணிச்சத்தம்தான் நல்லாயிருந்தது என்று கடைக்காரர் சொன்னார்.)

பாலையூற்றில் எங்கள் வீட்டின் பின் அறைதான் என் ஸ்டூடியோ. சுவரெல்லாம் முட்டைத்தட்டு ஒட்டி, ஜன்னலை அம்மாவின் பழைய போர்வையால் மூடி, உள்ளே போகிறவர்களுக்கு வேர்த்து ஊற்றும்படி செய்து வைத்திருந்தேன். அந்த அறையில் எனக்குப் பெருமை தந்த சொத்து ஒன்றே ஒன்று. அது காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். என்னோடு படித்த பெடியன்கள் பாட்டுச் செய்யும் மென்பொருளைக் களவாக இறக்கி வைத்திருந்தார்கள். நான் முறையாக வாங்கினேன். வாங்கிவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முறையாக வாங்கினால் கூடவே ஒரு காவல்காரரும் வருவார். லைசன்ஸ் மனேஜர் என்று பெயர். பாட்டு மென்பொருளைத் திறக்கப் போனால் முதலில் இவர் எழும்பி, இது காசு கொடுத்தவனுடைய கொம்பியூட்டர்தானா, லைசன்ஸ் தவணை இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். களவாக வைத்திருக்கிறவர்களின் வீட்டில் இந்த ஆள் கிடையாது. இதிலுள்ள அநியாயம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இந்த நிலையில்தான் என் அக்கா சுதாவுக்குக் கல்யாணம் சரிவந்தது. இப்போதெல்லாம் மணப்பெண் மண்டபத்துக்குள் வரும்போது மேளத்தை நிறுத்திவிட்டு ஒரு பாட்டுப் போடுகிறார்களே, அதற்கு என்ன பாட்டு வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன்.

"எல்லாரும் சினிமாப் பாட்டுத்தானே போடினம்," என்றாள். "எனக்கு அப்பாவின்ர கடல் பாட்டு வேணும். அப்பா பாடோணும். வேற ஒண்டும் கேக்கேல்ல."

அக்கா நகை கேட்கிற ஆள் இல்லை, சாறி கேட்கிற ஆளும் இல்லை. கேட்டது இந்த ஒன்றைத்தான். கேட்டதிலேயே கஷ்டமானதும் இதுதான்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. உள்ளே வரும் பெரிய கப்பல்களை இழுத்து வந்து கட்டுகிற படகில் இருக்கிறார். அவர் நன்றாகப் பாடுவார். ஆனால் படகின் எஞ்சின் ஓடினால் மட்டும்தான் பாடுவார். அந்த இரைச்சலில் தன் குரல் ஒருவருக்கும் கேட்காது என்பது அவருடைய நம்பிக்கை. (நல்லாக் கேட்கும். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவருடைய பாட்டு முழுக்கப் பாடம்.) தரையில் கால் வைத்தால் வாய் மூடிவிடும். கோயிலில் எல்லோரும் தேவாரம் பாடும்போது கூட உதட்டை மட்டும் அசைப்பார். அக்கா பிறந்த காலத்தில் படகில் வைத்துத் தானாகக் கட்டிய தாலாட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அக்கா அதைக் கேட்டது ஒரேயொரு தரம், சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்குப் படகு பார்க்கப் போனபோது. அப்பா தாலாட்டைக் கட்டியது தனக்காக, பாடியது எஞ்சினுக்காக, கேட்டது துறைமுகம் முழுக்க.

அக்கா நேரில் கேட்டதால் அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. "ஒருக்காத்தான் பாடுவன்," என்றார்.

ஸ்டூடியோக் கதிரையில் இருத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, மைக்கை முன்னால் வைத்தேன். அப்பா மைக்கைப் பார்த்தார். மைக் அப்பாவைப் பார்த்தது. வேர்வை வந்தது, பாட்டு வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், தேத்தண்ணி கொடுத்தேன், விளக்கையும் அணைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. (என் வாழ்க்கையில் வந்த நல்ல யோசனைகளைத் தேடினால் இது ஒன்றுதான் அகப்படும்.) துறைமுகத்துக்குப் போய், படகின் எஞ்சின் சத்தத்தை என் போனில் பதிந்து கொண்டுவந்து, அப்பாவின் ஹெட்போனுக்குள் அதை ஓடவிட்டேன்.

அப்பா கண்ணை மூடினார். பிறகு தொடங்கினார்.

கடலே கடலே கொஞ்சம் பொறு,
என் மகள் கண்மூடும் மட்டும் பொறு.
அலையே அலையே மெல்ல நட,
அவள் கனவிலே கால் நனையாமல் நட.

நான் கொம்பியூட்டருக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். வெளியே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் சுளகுச் சத்தமும் நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் அப்பா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "காணும். இனி ஏலாது," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். தன் குரலைக் கேட்டுப் பார்க்கவும் அவருக்கு விருப்பம் இல்லை.

அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்கு இசை சேர்த்தேன். சேர்த்ததை எடுத்தேன், எடுத்ததைச் சேர்த்தேன். கேட்கத் தாடா என்று அம்மா கேட்டபோதெல்லாம், "முடியாத வேலையை வெளியில விடுறேல்ல அம்மா," என்று கார்ட் அடித்தவனின் குரலில் சொன்னேன். ஆகவே அந்தப் பாட்டு மென்பொருளுக்குள் மட்டும்தான் இருந்தது. வெளியே ஒரு பிரதிகூட இல்லை.

கல்யாண நாள் காலை. முகூர்த்தம் பத்தரைக்கு. ஒரு சின்னத் திருத்தம் செய்துவிட்டுப் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றலாம் என்று கொம்பியூட்டரைப் போட்டேன். லைசன்ஸ் மனேஜர் எழும்பி வந்து, உங்கள் லைசன்ஸ் தவணை முடிந்துவிட்டது என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அது ஒரு வருட லைசன்ஸ், வாங்கி இன்னும் வருடம் திரும்பவில்லை. கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டேன். முடிந்துவிட்டது என்றார். இணையத்தைத் துண்டித்துப் பொருத்தினேன். முடிந்துவிட்டது என்றார். போனில் தேடியபோது, இதே கஷ்டத்தை அனுபவித்த யாரோ ஒரு வெளிநாட்டுப் புண்ணியவான் என்னென்ன செய்து பார்க்கவேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். முதல் வரியில், உங்கள் கொம்பியூட்டரில் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள் என்று இருந்தது.

அதைப் படித்துவிட்டு நான் கடந்து போனேன். இதெல்லாம் பாலர் வகுப்புக்காரருக்கு எழுதியது, எனக்கில்லை. என்னிடம் கார்ட் இருந்தது. நேரே கடைசி வரிக்குப் போனேன். அங்கே, வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும், மனேஜரின் மறைவான கோப்புறையை முழுவதுமாக அழித்துவிடுங்கள் என்று இருந்தது. அழித்தேன்.

மனேஜர் மறுபடி வந்தார். இந்த முறை என்னை முன்பின் தெரியாதவர் போலக் கதைத்தார். இது புதிய கொம்பியூட்டராம். ஒரு லைசன்சுக்கு இரண்டு கொம்பியூட்டர்தானாம். இரண்டும் நிரம்பிவிட்டதாம். புதியதைச் சேர்க்க வேண்டுமானால் பழையது ஒன்றைத் திறந்து அதிலிருந்து நீக்க வேண்டுமாம்.

பழையது ஒன்று இருந்தது. உப்புக்காற்றில் செத்துப்போன என் லப்டொப். அது அப்போது குசினி மேசையின் ஆடுகிற காலுக்கு முண்டாக இருந்தது. நான் யோசிக்காமல் ஓடிப்போய் அதை இழுத்தேன். மேசை ஒரு பக்கம் சரிந்தது. கல்யாண வீட்டு ஆட்களுக்கு வைத்திருந்த இடியப்பம் பெட்டியோடு வழுக்கி வந்தது. சொதிச் சட்டி அதற்குப் பின்னால் வந்தது. சட்டியைப் பிடித்துவிட்டேன். சொதியைப் பிடிக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருந்தது. சொதியில் நனைந்து, செத்த லப்டொப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "பாட்டு ரெடிதானே, நிரோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். என்னை நம்பி அவள் திரும்பிப் போனாள். அப்பா ஒருக்காத்தான் பாடுவேன் என்றார். அந்த ஒருக்காவை நான் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.

லப்டொப் உயிர்க்கவில்லை. மென்பொருள்காரருக்கு அவசரம் என்று மெசேஜ் அனுப்பினேன். உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது, வேலை நாட்களில் பதில் தருவோம் என்று உடனே பதில் வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்போது அம்மா பட்டுச்சாறியும் கையில் குசினி கூட்டிய தும்புத்தடியுமாக வந்து அறை வாசலில் நின்றார்.

"குசினியை அந்தக் கோலமாக்கிப்போட்டு இங்க வந்து இருக்கிறாய். நேரம் போகுது. உன்ர கொம்பியூட்டரிலயே நேரத்தைப் பார்."

பார்த்தேன். முதல்முறையாகப் பார்த்தேன். நேரம் முக்கால் மணித்தியாலம் முந்தியிருந்தது. பக்கத்தில் அடுத்த வருடம் இருந்தது.

இங்கே அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மணிக்கூடும் சரியான நேரம் காட்டாது. எல்லாவற்றையும் அம்மா முந்தி ஓட வைத்திருப்பார். அதிலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு முந்தும். அம்மாவின் கல்யாணத்தன்று ஒரு கப்பல் பிந்தி வந்து, அதனால் அப்பாவும் பிந்தி வந்து, முகூர்த்தம் தப்பப் பார்த்ததாம். அன்றிலிருந்து அம்மாவுக்கு நேரத்தின் மேல் நம்பிக்கை இல்லை. அக்காவின் கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் வீட்டு மணிக்கூடுகளை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு வந்தவர், போகிற போக்கில் என் அறைக்குள்ளும் வந்திருக்கிறார்.

"ஏனம்மா கொம்பியூட்டரில கை வைச்சனீங்கள்?"

"நான் ஒண்டிலயும் கை வைக்கேல்ல. நேரத்தைத்தான் மாத்தினனான். நீ எந்த நாளும் அதைப் பாத்துத்தானே பிந்துறாய்."

"அது இணையத்தில பாத்துத் தானாச் சரியா வைக்குமே."

"ஓம், தானாத் தானாத் திருந்திக்கொண்டு இருந்தது. நான் விடேல்ல. அந்த வேலையை நிப்பாட்டிப்போட்டுத்தான் மாத்தினனான்." குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அப்ப வருசம்?"

"வருசத்தை நான் தொடேல்ல. அது அந்தப் பெட்டிக்குள்ள தானா உருண்டது."

அதாவது, எங்கள் வீட்டில் அடுத்த வருடம் பிறந்துவிட்டது. மனேஜர் சரியாகத்தான் சொன்னார். முதல் வரியைப் படித்தவுடன் திகதியைத் திருத்தியிருந்தால் அந்த நிமிடமே கதவு திறந்திருக்கும். இப்போது திருத்தினேன். ஆனால் கோப்புறையை அழித்தபின் புதிதாக வந்த மனேஜர் அடுத்த வருடத்தையே குறித்து வைத்திருந்தார், அதனால் இதையும் கவனித்தார். கொம்பியூட்டரின் நேரம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, இது சந்தேகத்துக்குரியது என்றார். காசு கொடுத்து வாங்கிய ஒரேயொருவனைக் கள்ளன் என்று சொல்லிவிட்டார்.

(அப்பாவின் குரல் மட்டும் தனிக் கோப்பாகக் கிடந்திருக்குமே, அதை எடுத்துப் போட்டிருக்கலாமே என்று இதை வாசிக்கும் ஒலிப்பதிவுக்காரர்கள் சொல்வது கேட்கிறது. ஓம், கிடந்தது. கொம்பியூட்டர் திரையிலேயே, என் மூக்குக்கு முன்னால். கல்யாணம் முடிந்து விருந்து உண்ணும்போதுதான் அது என் நினைவுக்கு வந்தது.)

மிஞ்சியது ஒரு வழிதான். அதே மென்பொருளுக்கு, வாங்காதவர்கள் பழகிப் பார்க்க ஒரு இலவசப் பதிப்பு உண்டு. அதற்கு லைசன்ஸ் தேவையில்லை. அவசரமாக இறக்கினேன். திறக்கும்போது சின்ன எழுத்தில் ஏதோ நீளமாகச் சொன்னது. வாசிக்காமல் சம்மதம் என்று அழுத்தினேன். பாட்டு திறந்தது. அழுகையே வந்துவிட்டது. வெளியே எடுத்து, முதல் வரியை மட்டும் கேட்டுப் பார்த்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தேன். வழியில், எங்கள் ஊருக்குள் திரிகிற மான்கள் கூட்டமாக றோட்டைக் கடந்தன. அவற்றுக்கும் ஒருத்தரும் நேரம் சொல்லவில்லை போலும்.

மண்டபம் உட்துறைமுக வீதிப் பக்கம். ஒலி அமைப்பு கிண்ணியா நிசார் நானாவுடையது. ஊரில் கல்யாணமோ கூட்டமோ அவருடைய ஸ்பீக்கர்தான். மேளக்காரருக்குப் பக்கத்தில் மெசினை வைத்துக்கொண்டு இருந்தவர் என் கோலத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். மூச்சுவாங்கச் சொன்னேன்.

"காசு குடுத்தா வாங்கினீங்க?" என்று இரக்கத்தோடு கேட்டார். "களவா எடுத்திருந்தா இந்தக் கரைச்சல் ஒண்டும் வந்திருக்காதே தம்பி."

மேளம் நின்றது. வாசலில் அக்கா நின்றாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அப்பா, புது வேட்டியில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிசார் நானா பாட்டைப் போட்டார்.

"கடலே கடலே கொஞ்சம் பொறு" என்று அப்பாவின் குரல் மண்டபம் முழுக்க எழுந்தது. அம்மா கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தார். அக்கா அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். கார்டில் இன்னும் ஒரு பட்டம் சேர்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

"என் மகள் கண்மூடும்" என்று பாடி, பாட்டு நின்றுவிட்டது.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலிருந்து சமையல்காரரின் குரல், "கத்தரிக்காய்க்கு உப்புப் போட்டதோ இல்லையோ?" என்று முழு மண்டபத்துக்கும் கேட்டது. நான் நிசார் நானாவைப் பார்த்தேன். அவர் மெசினிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "என்ட மெசின்ல பிழையில்ல தம்பி. பாட்டு ஓடிட்டுத்தான் இருக்கு. உள்ளுக்குச் சத்தமில்ல."

சொல்லி முடிக்க முதல் பாட்டு திரும்பி வந்தது, அடுத்த வரியில். அப்போதுதான் அந்தச் சின்ன எழுத்து என்ன சொல்லியிருக்கும் என்று எனக்கு விளங்கியது. இலவசப் பதிப்பில் எடுக்கிற பாட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஊமையாகிவிடும். வாங்கினால்தான் முழுக்கக் கேட்கலாம். நான் வாங்கியிருந்தேன் என்பது வேறு கதை.

நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் குந்தினேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தபோது "அலையே அலையே" என்றதோடு பாட்டு மறுபடி நின்றது. அக்காவும் நின்றுவிட்டாள். நடு வழியில், இத்தனை சனத்துக்கு முன்னால், தலை குனிந்து. அவளுடைய தாடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் அழப்போகிற ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடுங்கும். பின் வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

அப்பா கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, எஞ்சின் இல்லை, ஹெட்போன் இல்லை, காலுக்குக் கீழே படகும் இல்லை, அப்பா பாடினார்.

"மெல்ல நட."

அவ்வளவுதான். அக்கா நிமிர்ந்தாள். பாட்டு வந்தது. அப்பா வாயை மூடிக்கொண்டார். இருவரும் நடந்தார்கள். அடுத்த தடவை பாட்டு நின்றபோது அவர் காத்துக்கொண்டிருந்தார் போல, சொல்லை விழவிடாமல் பிடித்து எடுத்துப் பாடினார். அதற்கடுத்த தடவை படகில் பாடுகிற குரலிலேயே பாடினார். அப்பாவுடன் வேலை செய்கிறவர்கள் ஒரு வரிசை முழுக்க இருந்தார்கள். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தவில்காரர் பொறுக்கமாட்டாமல் ஒரு தட்டுத் தட்டினார். கடைசியில் பாட்டு எப்போது நிற்கும் என்று சனம் காத்திருந்தது. பாட்டு ஓடும்போது பேசாமலிருந்தவர்கள் நின்றவுடன் கைதட்டினார்கள். மணவறையை அடைந்தபோது அக்கா அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் அது வேறு அழுகை. ஸ்பீக்கருக்குப் பின்னால் நானும் அழுதேன். என்னுடையதில் பாதி வெட்கம்.

முகூர்த்தம் தப்பவில்லை. விருந்தில் ஒரு பெரியவர் என் தோளில் தட்டி, "நல்ல யோசனை தம்பி, இடையில இடையில விட்டு அப்பாவைப் பாட வைச்சது," என்றார்.

"ஓம் ஐயா, அது ஒரு புது முறை," என்றேன். கார்ட் ஒன்றும் கொடுத்தேன். அவர் தன் மகளின் கல்யாணத்துக்கு அதே மாதிரி வேண்டும் என்று வந்தார். அவருக்குப் பாட வராது. பாட்டை நிறுத்திய இடங்களிலெல்லாம் அவர் தொண்டையைச் செருமினார். அதற்கும் சனம் கைதட்டியது.

சில நாட்களுக்குப் பிறகு மென்பொருள்காரரிடமிருந்து பதில் வந்தது. தயவுசெய்து உங்கள் கொம்பியூட்டரின் திகதியையும் நேரத்தையும் சரிபார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். நான் இழந்த லைசன்சையும் மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். அம்மாவுக்கு இந்தக் கதையில் தன் பங்கு பற்றி ஒரு வருத்தமும் கிடையாது. "நான் நேரத்தை மாத்தியிருக்காட்டி இந்த மனுசன் வாய் திறந்திருக்குமோ?" என்று இன்றைக்கும் கேட்கிறார். வீட்டில் மின்சாரம் நின்றாலும், மோட்டார் சைக்கிள் நடு றோட்டில் நின்றாலும், அத்தான் ஏதாவது சொல்ல வந்து பாதியில் மறந்து நின்றாலும், யாராவது ஒருவர் "லைசன்ஸ் முடிஞ்சுது" என்பார்கள். உடனே அப்பா, "மெல்ல நட," என்று பாடுவார். அவர் இப்போது தரையிலும் பாடுகிறார்.

நிலாவெளியில் இருக்கும் அக்காவின் மகளை, கல்யாணத்தில் போட்ட அந்த நின்று நின்று ஓடுகிற பாட்டைப் போட்டுத்தான் நித்திரையாக்குகிறார்கள். போன மாதம் அங்கே போனபோது, ஒரு ஒலிப் பொறியியலாளனின் மானம் காக்க, குறையில்லாமல் முழுதாகச் செய்த பாட்டைக் கொண்டுபோய்ப் போட்டேன். பாயில் படுத்திருந்தவள் கவனமாகக் கேட்டாள். வழமையாகப் பாட்டு நிற்கிற இடம் வந்தது. பாட வாயைத் திறந்தாள். பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் எழும்பி இருந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, இது பழுதாப்போச்சு," என்றாள். "நான் பாடுற இடத்தைக் காணேல்ல."